எட்டுக் கதவு, எட்டுத் துடைப்பம்

மூன்றாவது கடிதத்தை மைமு பிரிக்கக்கூட இல்லை. உறையின் மேலேயே மின்கம்பெனி முத்திரை தெரிந்தது. "நீயே படி, என் கண்ணாடி வீட்டுல கிடக்கு" என்று தபால் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த தபால்காரி உல்லேயிடம் நீட்டினாள். கண்ணாடி அவள் சட்டைப் பையில்தான் இருந்தது.

பெரிய சாலையோரம் ஒரே பலகையில் எட்டுத் தபால் பெட்டிகள். ஏழுக்கு மூடி கிடையாது. அவற்றில் தபால் வந்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது. எட்டாவது மைமுவுடையது. ஹால்ட்ரே கிராமம் அங்கிருந்து காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர், கடலோரம். வாரம் இரண்டு முறை சைக்கிளில் வந்து தபாலை வாங்கிக்கொண்டு, உல்லேயின் வண்டியில் கைபேசிக்குக் கால் மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு போவாள். செப்டம்பர் கடைசியில் அடித்த புயலில் மின்கம்பி அறுந்து விழுந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு.

உல்லே சத்தமாகப் படித்தாள். "'மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு. நவம்பர் ஐந்தாம் தேதி எங்கள் ஆய்வாளர் மூன்றாவது முறையாக ஹால்ட்ரேக்கு வந்தார். எட்டு வீடுகளிலும் ஆள் இல்லை. கடைசி ஆய்வு பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. அன்றும் நிரந்தரமாக வசிப்பவர் எவரும் காணப்படாவிட்டால், ஹால்ட்ரே செல்லும் மின்கம்பி பழுதுபார்க்கப்படாது. கம்பங்கள் அகற்றப்படும்.' கீழே கையெழுத்து. அவ்வளவுதான்."

"ஆள் இல்லையாம்!" மைமு வண்டியின் கூரையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். "அப்ப நான் யாரு? பேயா? ஃப்ரீசர்ல இருந்த மீனு, கறி எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சேனே, அதப் பேயா புதைச்சுது? மோட்டார் ஓடாம பதினாலு ஆட்டுக்குக் கிணத்துலேர்ந்து வாளி வாளியா இறைக்கிறேனே, அது யாரு?"

"எங்கிட்ட ஏன் கத்தற? போன் போட்டுக் கத்து."

அதையும் செய்யாமலா இருந்தாள்? தலைநகர் தாலினில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு நான்கு முறை பேசிவிட்டாள். எடுத்ததெல்லாம் ஒரே பெண்ணின் குரல். தேன் ஒழுகும், காரியம் மட்டும் நடக்காது. 'எங்க பதிவுப்படி அங்க யாரும் இல்லீங்க.' 'நான்தான் பேசிட்டிருக்கேனே அம்மா!' 'நீங்க எங்கேர்ந்து பேசறீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்களே.' இதற்கு என்ன பதில் சொல்வது? அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

"அவன் வந்த மூணு நாளும் நான் ஊரிலதான் இருந்தேன்டி" என்றாள் மைமு. "ஒரு நாள் வலை எடுக்கக் கரைக்குப் போயிருந்தேன். மத்த ரெண்டு நாளும் ஆட்டுக்கொட்டகையிலதான். வீட்டுலேர்ந்து இருநூறு அடி! வந்தவன் வாயத் தொறந்து ஒரு குரல் குடுத்தா குறைஞ்சா போயிடுவான்?"

உல்லே கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "கொட்டகைக்குப் போறப்ப கதவுல என்ன வெச்சுட்டுப் போன?"

"என்னத்த வெப்பாங்க? துடைப்பத்ததான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

உல்லே சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டீயரிங் மேல் கவிழ்ந்து சிரித்ததில் ஹாரன் அலறியது. அந்தத் தீவில், ஹீயுமாவில், பூட்டு என்பது தாலின்காரர்கள் வைத்திருக்கும் சாமான். வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். அதைப் பார்த்தவன் படலோடு திரும்பிவிட வேண்டும். தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, சன்னல் வழியாக எட்டிப் பார்க்கவே கூடாது. அப்படிப் பார்ப்பவனைத் தீவில் எவனும் வீட்டில் சேர்க்க மாட்டான். மைமுவே இத்தனை வயதில் எத்தனை துடைப்பங்களைக் கண்டு திரும்பியிருக்கிறாள்!

"மத்த ஏழு வீட்டுலயும் வெச்சிருக்கியே, அது?" என்றாள் உல்லே கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆள் இல்லாத வீட்டுல வேற என்ன வெக்கறது?"

"வருஷா வருஷம் புதுசு கட்டி வெக்கறியே!"

"பிர்ச் மரக் குச்சி ஒரே வருஷத்துல மக்கிப் போயிடும். மக்கின துடைப்பத்த எவன் மதிப்பான்?"

"போதும்மா, போதும். எட்டுக் கதவு, எட்டுத் துடைப்பம், எட்டும் புத்தம் புதுசு. ஊரே காத்தாலதான் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிடுச்சுன்னு நெனச்சிருப்பான் பாவம். கம்பெனிக்காரன் தப்பே பண்ணல மைமு. நல்லபடியா வளர்த்த பையன்."

அதுதான் மைமுவுக்குத் தாங்கவில்லை. ஏழு வாரமாக எவனைத் திட்டிக்கொண்டிருந்தாளோ, அவன் மேல் குற்றமே இல்லை. அங்கேயே நின்று தாலினுக்குப் போன் போட்டாள். "அம்மா, நான் ஊரிலதான் இருக்கேன். துடைப்பத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டாரு உங்க ஆள்" என்றாள். "துடைப்பமாங்க?" என்றது தேன் குரல். "துடைப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" மைமு விளக்கத் தொடங்கினாள். பாதியில் போன் உயிரை விட்டது.

ஹால்ட்ரேக்காரர்களை யாரும் அடித்துத் துரத்தவில்லை. கூட்டுப்பண்ணை காலத்தில், கார்ட்லா நகரத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். குழாயில் வெந்நீர் வரும், வீட்டுக்குள்ளேயே கழிவறை என்றார்கள். ஒரே கோடையில் ஏழு குடும்பமும் லாரி ஏறின. மைமுவுக்கு அப்போது இருபத்தேழு வயது. எல்லாரும் ஒரேயடியாகப் போனால் வீடுகளை யார் பார்த்துக்கொள்வது, திரும்பி வந்தால் கூரையாவது இருக்க வேண்டாமா என்று நின்றுவிட்டாள். அவள் புருஷன் ஹெல்டூர், நாடு விடுதலையானதும் கட்டட வேலைக்கென்று பின்லாந்துக்குக் கப்பல் ஏறினான். அந்தக் கட்டடம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

இந்தக் கம்பி போனால் அவளும் போக வேண்டியதுதான். அறுபது வயதில் பனிக்காலம் முழுக்கக் கிணற்றில் வாளி விட முடியாது. டிசம்பரில் கயிறே உறைந்து கம்பியாகிவிடும். அவள் போனால் ஹால்ட்ரே வரைபடத்தில்கூட இருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் தன் வீட்டுத் துடைப்பத்தை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து அடுப்பில் போட்டாள். கைப்பழக்கத்தை நம்ப முடியாது, எந்த நேரத்தில் தானாகப் போய்ச் சாய்த்துவிடுமோ. மறுநாள் வெளிச்சம் வருமுன்பே ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கறுப்பு ரொட்டி ஒரு துண்டு, காபி மூன்று கோப்பை. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. படல் பக்கம் ஒரு காக்காய்கூட வரவில்லை. ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழிவறை கொல்லையில் இருக்கிறதே, போன நேரம் பார்த்து வந்து தொலைத்தால்?

பதினொன்றரைக்குச் சன்னல் வழியாகப் பார்த்தால், முஸ்டிக் நடந்து போகிறது. கறுத்த மூஞ்சித் தாயாடு. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வரிசையாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. புயலில் கொட்டகைக் கூரை பாதி பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து உத்தரம் ஒன்று சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அது விழுந்து வேலியை உடைத்திருக்க வேண்டும். கரையோரச் சேற்றில் இறங்கினால் ஆட்டை வெளியே இழுக்க நான்கு ஆள் வேண்டும். தச்சனோ, வசந்தத்துக்கு முன்னால் வர முடியாது என்று கையை விரித்துவிட்டான்.

"இன்னிக்குத்தானா? இன்னிக்குத்தானாடி மூதேவி?" மைமுவுக்கு அழுகையே வந்துவிட்டது. போனால் கம்பி போச்சு, போகாவிட்டால் ஆடு போச்சு. அடுப்பில் இரண்டு பச்சை விறகைத் திணித்தாள், புகை நன்றாக எழட்டும் என்று. கதவை அகலத் திறந்து, காற்றில் அடைத்துவிடாதபடி கல்லை வைத்தாள். வாசற்படியில் நாற்காலியைப் போட்டு, அதன் மேல் ஆவி பறக்கும் காபிக் கோப்பையை வைத்தாள். இதற்கு மேலும் ஆள் இருப்பது புரியாவிட்டால் அவன் மனிதனே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஓடினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, பூட்ஸ் நிறையக் கடல் தண்ணீரோடு, பதினாலு ஆட்டையும் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தால், படலுக்கு வெளியே ஒரு வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் நாற்பது தாண்டிய ஒரு ஆள், கம்பெனிச் சட்டை, பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றான்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?" மூச்சு வாங்கியது மைமுவுக்கு.

"அரை மணி இருக்கும்."

"கதவு தொறந்துதானே கெடக்கு?"

"தொறந்திருக்குன்னு உள்ள வந்துட முடியுமாங்க? கூப்பிட்டாதானே வரணும்."

"சரி, ஒரு குரல் குடுத்திருக்கலாமில்ல?"

"காபி இருந்துச்சு. யாராச்சும் குடிச்சுட்டு நிம்மதியா உக்காந்திருப்பாங்க, ஏன் தொந்தரவு பண்ணணும்னு..." என்று இழுத்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம் பாத்துட்டுக் கிளம்பலாம்னு இருந்தேன்."

மைமு தலையில் அடித்துக்கொண்டாள். தாலின்காரனை அனுப்பியிருந்தால் முதல் நாளே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்திருப்பான், காரியமும் முடிந்திருக்கும். தீவுக்காரனை அனுப்பித் தொலைத்திருக்கிறார்கள்!

ஆள் பெயர் டார்வோ. தன்மையாகத்தான் பேசினான். காரிலிருந்து டேப்லெட்டை எடுத்து, அதில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒவ்வொரு கதவு, ஒவ்வொரு துடைப்பம், கீழே தேதி. எட்டாவது படத்தில் மைமுவின் வீடு. பின்னால் தூரத்தில் கொட்டகை தெரிந்தது. கொட்டகை வாசலில் மண்வெட்டியோடு குனிந்திருக்கும் ஒரு முதுகும் தெரிந்தது.

"இது நான்!" என்று கூவினாள். "இதோ பாருங்க, என் முதுகு!"

டார்வோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. "நான் கதவத்தான் பாத்தேன்" என்றான்.

பிறகு சுருக்கமாக வேலையை முடித்தான். பெயர், வயது, வருஷம் முழுக்க இங்கேதானா என்று கேட்டு, விரலால் தட்டித் தட்டிப் பதிந்தான். ஒருவர் இருந்தால் போதும், சட்டப்படி கம்பி போட்டே ஆக வேண்டும் என்றான். மைமுவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. எப்போது என்று கேட்டாள்.

"மார்ச்ல."

"மார்ச்சா? இது நவம்பர்!"

"கம்பம் வரணும், மண்ணு உறைஞ்சுட்டா தோண்ட முடியாது... அதுவரைக்கும் கார்ட்லாவுல யாராச்சும் சொந்தக்காரங்க வீட்டுல இருக்கலாம் நீங்க. ஆனா..."

"ஆனா?"

"பனிக்காலத்துல இங்க இல்லேன்னா, வருஷம் முழுக்க இருக்கறவங்கன்னு எழுத முடியாது. ஜனவரியில ஒருதடவை வந்து பாப்பாங்க."

மைமு மாதங்களை விரல்விட்டு எண்ணினாள். "அதாவது, கரண்ட் இல்லாம பனிக்காலம் பூரா இங்க கெடந்தாதான் எனக்குக் கரண்டு குடுப்பீங்க."

"அப்படிச் சொன்னா ஒரு மாதிரியா இருக்குங்க" என்றான் டார்வோ. "ஆனா அப்படித்தான்."

டார்வோ கிளம்பாமல், பாதைக்கு எதிர்ப்புறம் இருந்த சாம்பல் நிற மரவீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டில் அதுதான் பெரிய வீடு. கூரைத் தகடு ஒன்றுகூட நகரவில்லை. "இந்த வீட்டுலயும் நீங்கதான் துடைப்பம் வெக்கறீங்களா?" என்று கேட்டான்.

"வெக்கறது மட்டுமா? ரெண்டு வருஷம் முன்னாடி தகடு மாத்தினேன். அந்த வீட்டுப் பேரு பார்னா. சில்வியோடது."

"தெரியும். சில்வி எங்கம்மா."

மைமு அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த மூக்கு! லாரியின் பின்னால் பூனைக்கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போன பத்து வயசுப் பயல். அதுவரை போட்டுவந்த 'நீங்க' அந்த நொடியே போயிற்று. "அட பாவி, சில்வி பெத்த பிள்ளையாடா நீ? மூணு தடவை வந்தியே, உன் வீட்டுப் படியிலயாவது ஏறிப் பாத்தியா?"

"துடைப்பம் இருந்துச்சே" என்றான்.

"அம்மா எப்படி இருக்கா? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வர்றாங்க, அவ மட்டும் வர்றதே இல்ல. இருபத்தெட்டு கிலோமீட்டர்தான். வந்தா மனசு தாங்காதுன்னு எனக்குத் தெரியும். நானே சொல்லிக்குவேன், பாவம், அவளால இந்த வீட்டப் பாக்க முடியாதுன்னு."

டார்வோ தரையைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று வாயை மென்றான். "அப்படி இல்லீங்க. அம்மா லாரியில ஏறினதுலேர்ந்து பாடிக்கிட்டே வந்தாங்க. குடியிருப்புல மொத நாள் வெந்நீர்க் குழாயத் தொறந்து விட்டுட்டு அது முன்னாடியே உக்காந்திருந்தாங்க. திரும்பிக் கூட்டிட்டுப் போனா கடல்ல குதிச்சுடுவேன்னு அப்பாகிட்ட சொல்லுவாங்க. கிளம்பறப்ப துடைப்பம் வெச்சது அப்பாதான். 'அது எதுக்கு? திரும்பி வர்றவங்கதானே வெக்கணும்'னு அம்மா திட்டினாங்க."

மைமுவுக்கு ஆத்திரம் வந்தது. தகடு மாற்றும்போது ஏணியிலிருந்து விழுந்து இரண்டு மாதம் கிடந்தாளே, அந்த இடுப்பு இப்போது விண்ணென்று தெறித்தது. "போன் போடு" என்றாள்.

"யாருக்கு?"

"உங்கம்மாவுக்குத்தான். என் போன்ல சார்ஜ் இல்ல. உங்க கம்பெனி புண்ணியம்."

போட்டுக் கொடுத்தான். "அடியே சில்வி!" என்றாள் மைமு. சில்வியின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, மற்றபடி அதே குரல்தான். "யாரு, மைமுவா? எங்கேர்ந்து பேசற? டார்வோ போன்லேர்ந்தா? நீ இன்னுமா அங்க இருக்க?"

"வேற எங்க இருப்பேன்? உங்க வீட்டயெல்லாம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எங்க வீட்டயா? எதுக்கு?" கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள் சில்வி. "யாருடி உன்னப் பாத்துக்கச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அது மைமுவுக்கு இப்போதுதான் உறைத்தது. பின்னால் பதினாலு ஆடுகளும் நனைந்த உடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தன. மேலே மேகம் தாழ்ந்து கிடந்தது. சாயங்காலத்துக்குள் பனி விழும். அவள் கொட்டகைக்குக் கூரை இல்லை. எதிரே, கூரைத் தகடு ஒன்றுகூட நகராத வீடு நிற்கிறது. அந்தக் கூரையின் கீழ் அவள் இதுவரை ஒரு விறகுக்கட்டைகூட வைத்ததில்லை. ஆள் இல்லாத வீடாயிற்றே!

"ரொம்ப நல்லது" என்றாள் மைமு. "அப்ப உனக்கு ஆட்சேபணை இருக்காது. மார்ச் வரைக்கும் என் ஆடு உன் வீட்டுல இருக்கட்டும்."

பாதையைத் தாண்டிப் போய், பார்னா வீட்டுத் துடைப்பத்தைக் காலாலேயே தள்ளிவிட்டாள். டார்வோ 'ஐயோ' என்று ஒரு அடி முன்னால் வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான். கதவு இறுகிக் கிடந்தது. தோளால் இடித்ததும் திறந்தது. முஸ்டிக் வாசலில் ஒரு கணம் தயங்கி மோந்து பார்த்துவிட்டு, உரிமைக்காரி மாதிரி உள்ளே நுழைந்தது. மற்றவை முட்டி மோதிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போகத் தொடங்கின. மைமுவும் கூடவே உள்ளே போனாள்.

"அது என்ன சத்தம்?" என்றாள் சில்வி.

"சொன்னேனே, ஆடு."

"உள்ளயா? எங்க உள்ள?"

"பெரிய அறையில. அடுப்பு இருக்கே, ராத்திரிக்கு மூட்டிக்கலாம்."

"பெரிய அறையிலயா? அடியே மைமு, உனக்குப் பைத்தியமா? வெளிய ஓட்டுடி! பின்கட்டுல வேணா கட்டிக்கோ, பெரிய அறையில வேணாம். டார்வோ எங்க, அவன்கிட்ட குடு!"

"கடல்ல குதிப்பேன்னவளுக்கு எந்த அறையா இருந்தா என்ன?"

"தரை!" என்று கத்தினாள் சில்வி. "அந்தத் தரைக்கு நான் சாயம் அடிச்சேன்டி. நானே, மண்டி போட்டு, மூணு பூச்சு. செம்மஞ்சள். லாரி வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி."

போகப்போகிற வீட்டுக்கு எவள் மூன்று பூச்சு அடிப்பாள்?

சில்வியின் குரல் இறங்கி வந்தது. "இன்னும் இருக்கா, அந்தச் சாயம்?"

மைமு கீழே பார்த்தாள். ஆடுகளின் ஈரக் காலடி பட்ட இடமெல்லாம் தூசி கரைந்து செம்மஞ்சள் தரை தெரிந்தது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தைதான். முப்பத்து மூன்று வருஷத்து எரிச்சல் விடவில்லை.

"வந்து பாரு" என்றாள்.

வெளியே வந்து போனை டார்வோவின் கையில் திணித்தாள். இன்னும் ஐந்து ஆடுகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன.